களக்காட்டைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தல்

பைத்தான் நிரல்மொழியில் 'களக்காடு' என்று எழுதி, இதன் நீளம் எவ்வளவு என்று கேட்டால் கணினி 8 என்கிறது. நெல்லை மாவட்டத்துக் களக்காட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை விரலை மடக்கி 5 என்று சொல்லிவிடும்: க, ள, க், கா, டு. கணினி பொய் சொல்லவில்லை. எழுத்து என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதனிடம் இருப்பவை குறியெண்கள். ககரத்துக்கு ஒன்று, ளகரத்துக்கு ஒன்று, மறுபடி ககரத்துக்கு ஒன்று, அதன் தலையில் இருக்கும் புள்ளிக்குத் தனியாக ஒன்று, அடுத்த ககரமும் அதன் துணைக்காலும் இரண்டு, டகரமும் உகரக் குறியும் இரண்டு. கூட்டினால் எட்டு. யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது இந்த எட்டில் ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் எடுத்துக்கொள்ளும். ஆக, ஊர்ப் பெயர் தமிழில் 24 பைட். அதே பெயரை ரோமன் எழுத்தில் Kalakkad என்று எழுதினால் 8 பைட்தான்.

எண்ணிக்கை பிசகினால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். சொல்லைத் திருப்பிப் போடச் சொல்லிப் பாருங்கள். எழுத்து தெரிந்த பிள்ளை 'டுகாக்ளக' என்று எழுதும். கணினி குறியெண்களைத் திருப்பிப் போட்டு 'டாக்களக' என்று எதையோ தரும். அதற்கு முன்னால் ஓர் உகரக் குறி ஏற எழுத்தில்லாமல் தொங்கும். குறுக்கெழுத்துப் போட்டி, அகரவரிசை, எழுத்துப்பிழை திருத்தம், வெண்பாவுக்குச் சீர் பிரித்தல், கைபேசித் திரையில் வரியை எங்கே மடக்குவது என்பது வரை எல்லாமே எழுத்து எது என்ற இந்த முதல் கேள்வியில்தான் போய் நிற்கின்றன.

இது இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1991-இல் வந்த யூனிகோட் குறிமுறை, இந்திய எழுத்துகளுக்கு 1988-இன் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. அகரம் ஏறிய மெய்யை அடிப்படையாக வைத்து, மற்ற உயிர்களைக் குறிகளாக ஒட்டும் ஏற்பாடு அது. நமக்கோ க் என்ற மெய்தான் முதல். அதன்மேல் உயிர் ஏறித்தான் க பிறக்கிறது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று தமிழ்க் கணினி அறிஞர்கள் பலர் நெடுங்காலம் வாதாடினார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 முறையையும் சேர்த்தே ஏற்றது. உலகமெங்கும் ஓடுவது யூனிகோட்தான். வாதத்தில் இரு பக்கத்தாரிடமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் முடிவு எப்படி இருந்திருந்தாலும் ஒரு வேலை மிச்சம் நின்றது: எட்டை ஐந்தாகப் படிக்கும் நிரலை யாராவது ஒருவர் எழுதி, மற்ற அனைவருக்கும் கொடுத்தாக வேண்டும்.

அப்படி எழுதிக் கொடுக்கப்பட்ட நிரல்களின் தொகுப்பைத்தான் லைப்ரரி என்கிறார்கள். தமிழுக்கு அப்படி ஒன்று ஓப்பன்-தமிழ். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை இதில் முன்னிற்பவர். கணியம் மின்னிதழை 2012-இல் தொடங்கிய த. சீனிவாசன் உட்படப் பலர் இதற்கு நிரல் எழுதிச் சேர்த்தார்கள். எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். யாரும் எடுக்கலாம், திறந்து படிக்கலாம், மாற்றலாம், விற்கும் பொருளுக்குள்ளும் வைக்கலாம். ஆக்கியோர் பெயரையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும். இதை நிறுவி, எழுத்துகளைப் பிரி என்று ஒரு வரி எழுதினால் களக்காடு ஐந்தாகப் பிரிந்து வரும். உள்ளே நடப்பது மந்திரமில்லை. வருகிற குறியெண் புள்ளியோ உயிர்க்குறியோ என்றால் முந்தையதோடு சேர். இல்லையென்றால் புது எழுத்தைத் தொடங்கு. 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவற்றுக்குத் தனிக் கவனம். பத்துப் பன்னிரண்டு வரி. இதை ஒருவர் எழுதிக் கொடுக்காவிட்டால், தமிழில் ஏதாவது செய்ய நினைக்கிற ஒவ்வொரு மாணவரும் முதல் வாரத்தை இதிலேயே தொலைப்பார்.

இதே தளத்தில் இன்னொரு தொல்லை உண்டு. 'கொடி' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக, அல்லது ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாக. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடுபொறிக்கு இரண்டும் வேறு வேறு சொல். யூனிகோடிலேயே இதைச் சமன்செய்யும் விதி இருக்கிறது. ஆனால் 'கௌரவம்' என்பதற்கு ஒற்றைக்கொம்போடு ளகரம் தட்டி 'கெளரவம்' என்று எழுதுகிறோமே, அதை எந்தப் பன்னாட்டு விதியும் சரிசெய்யாது. துணைக்காலும் ரகரமும் இடம் மாறிக் கிடக்கும் பழைய கோப்புகளும் அப்படித்தான். அவற்றைத் தமிழ் படித்தவர் ஒருவர்தான் கவனித்து விதி எழுத வேண்டும். டிஸ்கி, பாமினி என்று பழைய எழுத்துருக்களில் சிக்கிக் கிடக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நிரலும் ஓப்பன்-தமிழில் சேர்ந்திருக்கிறது. பழைய அச்சகங்களின் கணினிகளில் இருக்கும் கோயில் மலர், பள்ளி ஆண்டுமலர், உள்ளூர்ப் பத்திரிகை எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் தேடக்கூடிய எழுத்தாக வெளியே வர முடியும்.

எழுத்து புரிந்தாயிற்று. அடுத்தது சொல். இங்கேதான் தமிழ் தன் முழு உருவத்தைக் காட்டுகிறது.

'களக்காடு' என்று தேடுகிறவருக்கு 'களக்காட்டில்', 'களக்காட்டுக்கு', 'களக்காட்டிலிருந்துதானே', 'களக்காட்டுக்காரர்களையும்' என்று எழுதியிருக்கும் பக்கங்களும் வர வேண்டும். இவை எதிலும் 'களக்காடு' என்ற எழுத்துக்கோவை அப்படியே இல்லை. டகரம் இரட்டித்துவிட்டது, உகரமும் சில இடங்களில் போய்விட்டது. நாம் யோசிக்காமலே செய்யும் இந்த மாற்றத்துக்கு நன்னூலில் பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே விதி வகுத்துவிட்டார். டு, று என்று குற்றியலுகரத்தில் முடியும் பெயருக்கு முன்னெழுத்து நெடிலாகவோ உயிர் ஏறியதாகவோ இருந்தால் வேற்றுமை ஏறும்போது ஒற்று இரட்டும். வீடு வீட்டில், கிணறு கிணற்றில், களக்காடு களக்காட்டில். முன்னால் மெல்லின மெய் நின்றால் இரட்டாது: வண்டு வண்டுக்கு. படித்துப் பார்த்தால் இது நிரல் மாதிரியே இருக்கிறது. இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய். இலக்கண ஆசிரியர்கள் கணினிக்காக எழுதவில்லை. ஆனால் அவர்கள் எழுதிய முறைக்குக் கணினி பொருந்துகிறது.

முன்னோக்கிப் போவது எளிது. திரும்பி வருவதுதான் கடினம். 'காட்டு' என்று ஒரு சொல் எதிரே வந்தால் அது காடு என்ற பெயரின் திரிபா, படத்தைக் காட்டு என்ற வினையா? 'பாட்டில்' என்றால் பாட்டுக்குள்ளா, தண்ணீர் பாட்டிலா? 'ஆறு' என்று தனியாக நின்றால் அது பச்சையாறு போன்ற நதியா, எண்ணா, காபி ஆறுவதா? பின்னொட்டு ஏறினால் இதில் சில தாமாகத் தெளியும்: 'ஆற்றில்' என்றால் நதி, 'ஆறில் ஒரு பங்கு' என்றால் எண். பாட்டில் விஷயத்தில் பின்னொட்டுதான் குழப்பத்தையே உண்டாக்குகிறது.

பின்னொட்டுகளைக் கழற்றி அடிச்சொல்லை எடுக்கும் நிரலை ஆங்கிலத்துக்கு 1980-இல் மார்ட்டின் போர்ட்டர் எழுதி வெளியிட்டார். அதை வேறு வேறு ஆட்கள் தப்பும் தவறுமாக நகலெடுத்துப் பயன்படுத்துவதைக் கண்டு, 2001 வாக்கில் ஸ்னோபால் என்ற சிறு மொழியை உருவாக்கினார். எந்த மொழிக்கும் அடிச்சொல் விதிகளை அதில் எழுதலாம். அதற்குத் தமிழ் விதிகளை எழுதிக் கொடுத்தவர் தாமோதரன் ராஜலிங்கம். பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போஸ்ட்கிரஸ் என்ற தரவுதள மென்பொருள் உலகெங்கும் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் ஓடுகிறது. அது தேடலுக்கு ஸ்னோபாலைத்தான் எடுத்துக்கொள்கிறது. 2019-இல் வந்த அதன் 12-ஆம் பதிப்பில் அரபி, நேபாளி, ஐரிஷ் முதலியவற்றோடு தமிழும் உள்ளே வந்தது. யாரும் மனு எழுதவில்லை, ஒப்பந்தம் போடவில்லை. ஒருவர் எழுதித் திறந்து வைத்த விதிகள் இன்னொரு திறந்த மென்பொருளுக்குள் தாமாகவே போய்ச் சேர்ந்தன.

இந்த வகை நிரலுக்கு ஒரு எல்லை உண்டு. பொதுவாக அகராதி பார்க்காமல் வால் போலத் தெரிவதை வெட்டும் நிரல் இது. களக்காட்டுப் பக்கத்தில் கடம்போடுவாழ்வு என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டால் 'கடம்போடு' என்பதன் கடைசியில் இருக்கும் 'ஓடு' அசல் வேற்றுமை உருபு மாதிரியே தெரியும். வெட்டினால் கடம்பு மிஞ்சும், ஊர் போய்விடும். தேடலுக்கு இந்தப் பிழை பரவாயில்லை. மொழிபெயர்ப்புக்கும் சொல்திருத்திக்கும் தாங்காது. அங்கே சொல்லை வெட்டினால் மட்டும் போதாது. இது பெயர், இது பன்மை, இது இரண்டாம் வேற்றுமை, இது உம்மை என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

இப்படி உறுப்பு உறுப்பாக அமையும் மொழியைக் கணினிக்கு வெகுமுன்பே வியந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. களக்காட்டுக்குத் தென்கிழக்கே, தேரி மணல் சூழ்ந்த இடையன்குடியில் 1841-இல் வந்து குடியேறினார் ராபர்ட் கால்டுவெல். அங்கிருந்தபடி அவர் உருவாக்கிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. அடிச்சொல் சிதையாமல் நிற்க, ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஏறும் இந்த மொழி அமைப்பு அவரை வியக்க வைத்தது. இதே அமைப்பைப் பின்னிஷ், துருக்கி, மங்கோலிய மொழிகளிலும் கண்டு, திராவிட மொழிகளுக்கும் அவற்றுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். அந்தக் கூட்டத்தைச் சிதியக் குடும்பம் என்று குறிப்பிட்டார். அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஆனால் அமைப்பு ஒத்திருக்கிறது என்று அவர் கண்டது உண்மை. அவர் சொன்ன குடும்பம் கணினிக்குள் வேறு ஒரு வழியில் ஒன்றுசேர்ந்தது.

1983-இல் ஹெல்சிங்கியில் கிம்மோ கோஸ்கென்னியெமி என்ற பின்னிஷ் ஆய்வாளர் தம் மொழியைக் கணினியில் பகுக்க முயன்றார். அக்காலத்துக் கணினி மொழியியலின் கவனமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் 'போ' என்ற வினைக்கு மொத்தமே ஐந்து வடிவம். அவற்றை ஒரு பட்டியலாக எழுதி வைத்துவிடலாம். பின்னிஷுக்குப் பட்டியல் போட ஆயுள் போதாது. ஆகவே அவர் அகராதி வடிவம் ஒரு தளம், பேசும் வடிவம் ஒரு தளம் என்று வைத்து, இரண்டுக்கும் நடுவே இருபுறமும் ஓடக்கூடிய விதிகளை எழுதினார். இந்த முறையைப் புரிந்துகொள்ள நெல்லை பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவியில் நின்றால் அங்கிருந்து எந்தெந்த ஊருக்குச் சாலை உண்டோ அங்கேதான் போகலாம்; இல்லாத சாலையில் வண்டி போகாது. சொல்லிலும் அப்படி: களக்காட்டு என்ற நிறுத்தத்திலிருந்து 'இல்' போகலாம், 'உக்கு' போகலாம், 'காரர்' போகலாம். 'காரர்' போனபின் 'கள்' போகலாம், அதன்பின் 'ஐ', அதன்பின் 'உம்'. வழித்தடத்தைத் தலைகீழாக ஓட்டினால் களக்காட்டுக்காரர்களையும் என்ற சொல் தன் உறுப்புகளைத் தானே சொல்லிவிடும்.

இதற்கான கருவிகளை ஜெராக்ஸ் நிறுவனம் பிற்பாடு நன்றாக வளர்த்தது. ஆனால் அதன் நிரல் திறந்ததாக இல்லை. மான்ஸ் ஹுல்டன் என்ற ஆய்வாளர் அதே வேலையைச் செய்யும் ஃபோமா என்ற கருவியைத் திறமூலமாக எழுதினார். அந்த ஃபோமாவின் மேல்தான் தமிழிமார்ஃப் கட்டப்பட்டது. இலங்கையின் கெங்காதரஐயர் சர்வேஸ்வரன், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிகான் டயஸ், ஜெர்மனியில் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் பட் மூவரும் சேர்ந்து செய்த இந்த உருபனியல் பகுப்பியை 2021-இல் ஆய்வுக் கட்டுரையாக விவரித்தார்கள். நிரலும் விதிகளும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்திருக்கின்றன. எழுத்துப்பிழை திருத்தத்திலும் இதே கதைதான். லிபரே ஆபீஸிலும் பயர்பாக்ஸிலும் சிவப்புக் கோடு போடும் ஹன்ஸ்பெல்லை லாஸ்லோ நேமெத் தம் தாய்மொழியான ஹங்கேரியனுக்காக உருவாக்கினார். ஆங்கிலத் திருத்திகள் அதன் ஒட்டுக்குமேல் ஒட்டைத் தாங்கவில்லை என்பதுதான் காரணம். அந்தப் பொறிக்குள் தமிழ்ச் சொற்பட்டியலையும் ஒட்டு விதிகளையும் கொடுத்தால் தமிழுக்கும் ஓடுகிறது.

ஹெல்சிங்கியும் புடாபெஸ்டும் தங்கள் மொழிக்காகப் பட்ட பாடு நமக்குப் பயன்பட்டது. அவர்கள் தங்கள் நிரலைப் பூட்டி வைத்திருந்தால் யாழ்ப்பாணத்திலோ நெல்லையிலோ இருப்பவர் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து பட்டிருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விலை இல்லை என்பதையே முதலில் சொல்கிறார்கள். சிறிய மொழிகளுக்கு விலையைவிடப் பெரிய விஷயம் வேறு: உள்ளே போய் நம் விதியை நாமே எழுத முடிகிறது. கடம்போடுவாழ்வு தவறாக வெட்டப்படுகிறது என்று தெரிந்தால் அதைச் சரிசெய்து திருத்தத்தை அனுப்பலாம். பூட்டிய மென்பொருளில் அந்தப் பிழை விற்பவருக்கு லாபம் தரும் நாள்வரை அப்படியே கிடக்கும்; இந்த ஊர்ப் பெயரைத் திருத்துவதில் யாருக்கும் லாபம் இல்லை.

சொல்லுக்கு மேலே வாக்கியம். எது எழுவாய், எது பயனிலை, எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்று மரமாக வரைந்து காட்டுவதை இப்போது கணினி விதிகளைவிட எடுத்துக்காட்டுகளிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. மனிதர்கள் கையால் மரம் வரைந்து கொடுத்த வாக்கியங்களை அதற்குத் தீனியாகக் கொடுக்கிறோம். பிராகில் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமியும் ஸ்டெனெக் ஜபோகர்ட்ஸ்கியும் தமிழ்ச் செய்தி வாக்கியங்களை எடுத்து இப்படி ஒரு தொகுப்பை உருவாக்கினார்கள். இது உலக மொழிகளின் பொதுத் தொகுப்பான யுனிவர்சல் டிபென்டன்சீஸில் இருக்கிறது. அதில் உள்ள தமிழ் வாக்கியங்கள் 600. அதே இடத்தில் இருக்கும் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றில் மட்டும் 16,000-க்கு மேல். ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்சா லைப்ரரி தமிழ் வாக்கியத்தைப் பகுக்கும் என்று சொன்னால், அது படித்த பாடம் இந்த 600-தான் என்று நினைவில் வைக்க வேண்டும். பிற்பாடு தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கண நூலிலிருந்து எடுத்த வாக்கியங்களை வைத்து இன்னொரு சிறு தொகுப்பும் சேர்ந்தது. உழைத்தவர்கள் மீது மரியாதை தவிர எனக்கு வேறொன்றுமில்லை. இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிக்கு இத்தனை சிறிய பாடப்புத்தகமா என்ற ஆதங்கம் மட்டும் போகவில்லை.

பெரிய பெயர்களிலும் நம் இடம் இப்படித்தான். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 2001-இல் பிறந்த என்.எல்.டி.கே. லைப்ரரியைத் தொட்டுத்தான் உலகம் முழுவதும் மாணவர்கள் பலர் கணினி மொழியியல் துறைக்குள் வருகிறார்கள். அதோடு வரும் இந்திய மொழித் தரவில் வங்காளம், இந்தி, மராத்தி, தெலுங்கு இருக்கின்றன, தமிழ் இல்லை. 2015-இல் வந்த ஸ்பேசிக்குத் தமிழின் அடிப்படைச் சொல் பிரிப்பு தெரியும். பயிற்சி பெற்ற தமிழ் மாதிரியை அதன் ஆக்குநர்கள் தருவதில்லை. வேண்டுமென்று யாரும் தமிழை ஒதுக்கியதாக நான் நினைக்கவில்லை. யார் உட்கார்ந்து தரவு சேர்த்துக் கொடுத்தார்களோ அவர்கள் மொழி உள்ளே போயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு அப்படி உட்கார்ந்ததன் பலன், 2023-இல் அவர்கள் வெளியிட்ட இந்திக்ட்ரான்ஸ்2 என்ற திறந்த மொழிபெயர்ப்பு மாதிரி. அரசியலமைப்பின் அட்டவணையில் உள்ள 22 மொழிகளும் அதில் இருக்கின்றன.

இப்போதைய பெருமொழி மாதிரிகள் இலக்கண உறுப்புகளைப் பார்ப்பதில்லை. அடிக்கடி சேர்ந்து வரும் குறித்துணுக்குகளை எண்ணி, மிகுதியாக வருவதை ஒரே துண்டாக ஒட்டிக்கொள்ளும் முறை ஒன்றை அவை பயன்படுத்துகின்றன. பிலிப் கேஜ் 1994-இல் கோப்புகளைச் சுருக்கக் கண்டுபிடித்த உத்தி அது. 2016-இல் மொழிபெயர்ப்புக்கு வந்தது. ஆங்கிலம் மிகுந்த எழுத்தில் எண்ணிப் பார்த்தால் ஆங்கிலச் சொற்கள் முழுசாக நிற்கும், தமிழ்ச் சொற்கள் நொறுங்கும். தமிழே எண்ணப்படாத மோசமான நிலையில் களக்காடு 24 துண்டாகப் போகும். துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சேவைகளில் இது பணக் கணக்கு. மாதிரியின் நினைவுக்கு எல்லை இருப்பதால் நாம் கொடுக்கக்கூடிய எழுத்தின் அளவும் குறையும். 2023-இல் அபிநந்த் பாலச்சந்திரன், மெட்டா வெளியிட்ட லாமா 2 மாதிரியின் 32,000 துண்டுகளோடு மேலும் 16,000 தமிழ்த் துண்டுகளைச் சேர்த்துத் தமிழ்-லாமா என்று வெளியிட்டார். மாதிரியின் எடைகள் வெளியே கிடைத்ததால்தான் ஒருவர் அதில் கைவைக்க முடிந்தது.

பெரிய மாதிரி வந்துவிட்டதே, இனி விதிகளும் சிறு லைப்ரரிகளும் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தலையணைக்கு அழைத்துப்போக வேண்டும். களக்காட்டிலிருந்து மலையடிவாரத்துக்குப் போனால் பச்சையாறு இறங்கிவரும் இடம் அது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. விடுமுறை நாளில் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் குளிக்கப் போவார்கள். தலையிலே இருக்கும் அணை என்று பெயர். உலகத்தின் தமிழ் எழுத்து முழுவதையும் எண்ணினால் தலையணை என்பது உறங்குவதற்கானதுதான். எண்ணிக்கை நம் ஊருக்கு எதிராகவே சாட்சி சொல்லும். ஏர்வாடி இன்னொன்று. களக்காட்டுக்குப் பக்கத்து ஊர் ஏர்வாடி. ஆனால் தர்காவால் பெயர் பெற்றது இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. அரசின் குறைதீர் மனு ஒன்றில் 'ஏர்வாடி ரோட்டில் பள்ளம்' என்று இருந்தால் அது எந்த மாவட்ட அலுவலருக்குப் போக வேண்டும்? வாக்கியத்தில் பத்மநேரி, சிங்கிகுளம், நாங்குநேரி என்று ஏதாவது ஓர் ஊர் கூட வந்தால் இது நெல்லை என்று முடிவெடுக்கலாம். அதற்கு அந்த ஊர்ப் பெயர்களின் பட்டியலும், எது எதற்குப் பக்கம் என்ற தகவலும் லைப்ரரியின் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதிவிடக்கூடிய பட்டியல் அது. நிரல் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஊர்ப் பெயரைவிடப் பேச்சு கடினம். களக்காட்டில் 'சொல்கிறார்கள்' என்று யாரும் பேசுவதில்லை, 'சொல்லுதாவ' என்பார்கள். பகுப்பிகள் எல்லாம் கிறு, கின்று என்று நிகழ்காலத்துக்கு வழி போட்டு வைத்திருக்க, இங்கே நிகழ்காலம் தகரத்தில் வருகிறது; பலர்பாலும் மரியாதையும் 'ஆவ' என்ற ஒட்டில் வருகின்றன. ஏத்தன் வாழைக்குலை என்ன விலை போகிறது என்று ஒரு விவசாயி கைபேசியில் பேசிக் கேட்டால், சென்னைச் செய்தி வாசிப்பிலும் நாளிதழ் நடையிலும் பழகிய மாதிரி தடுமாறும். இதையும் விதியாக எழுத முடியும். நெல்லைப் பேச்சில் ஒழுங்கில்லை என்று நினைப்பது தவறு; அதன் ஒழுங்கு எழுதப்படவில்லை, அவ்வளவே. எடுத்துக்காட்டுக்கும் வழி உண்டு. நெல்லைப் பேச்சைக் கதைக்குள் தைரியமாகக் கொண்டுவந்த புதுமைப்பித்தனின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 2002-இல் நாட்டுடைமை ஆக்கியது. அந்த உரையாடல்களை யாரும் எடுத்து, ஒவ்வொரு வினைக்கும் எழுத்து வழக்கை எதிரே குறித்து, திறந்த தரவாக வெளியிடலாம். குரலுக்கு மொஸில்லாவின் காமன் வாய்ஸ் இருக்கிறது. தமிழும் அதில் உண்டு. யாரும் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்யலாம். சேரும் குரல்களை யாரும் கிட்டத்தட்ட நிபந்தனை இல்லாமல் பயன்படுத்தலாம்.

நிபந்தனை இல்லாமல் என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டில், பாபநாசத்துக்கு மேலே, காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு நான் அறிந்தவரை எந்த லைப்ரரியிலும் இல்லை. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆர்வம் எந்த மொழிக்காரருக்கும் எழும், எனக்கும் எழுகிறது. ஆனால் இந்தக் காடு சேர்ந்த அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் நடந்தது நினைவில் இருக்க வேண்டும். 1987-இல் அங்கே காட்டுக்குள் போன விஞ்ஞானிகளுக்குக் களைப்பு தீர்க்கும் ஆரோக்கியப் பச்சை என்ற செடியைக் காட்டிக்கொடுத்தவர்கள் காணிகள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து பிறந்தது. திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம், தனக்குக் கிடைத்த உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதியைக் காணிகளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது. 1997-இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. ஒரு மக்களின் அறிவை எடுத்துப் பொருளாக்குகிறவர் பங்கு கொடுக்க வேண்டும் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் ஏற்பாடுகளில் அது ஒன்று. அதைப் பற்றியும் பின்னால் சச்சரவுகள் எழுந்தன.

நிரலை எழுதுகிறவர் தம் உழைப்பைத் தாமே திறந்து வைக்கிறார். அது அவர் உரிமை. சில குடியிருப்புகளில் மட்டும் வாழும் ஒரு கூட்டத்தின் பேச்சு, பதிவுக் கருவியோடு போகிறவருடையது அல்ல. களக்காட்டுக் கடைக்காரர் தம் குரலைக் காமன் வாய்ஸுக்குத் தருவதும், காணிப் பெரியவர் ஒருவரின் குரலை நாம் எடுத்துவந்து நிபந்தனையில்லாமல் ஏற்றுவதும் ஒன்றாகாது. அங்கே போகிறவர் கையில் எம்.ஐ.டி. உரிமத்தின் நகல் போதாது. யார் கேட்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம், பின்னால் வேண்டாம் என்று தோன்றினால் எப்படித் திரும்பப் பெறுவது, யாராவது இதை வைத்துச் சம்பாதித்தால் பங்கு யாருக்கு என்பதெல்லாம் அவர்கள் பேச்சிலேயே சொல்லப்பட்டு, அவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்த பிறகுதான் பதிவுக் கருவியைத் திறக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்தத் தரவுத்தொகுப்பு இல்லாமலே லைப்ரரி இருக்கட்டும்.